பூதம் வைத்த மல்லாட்டைக் குழம்பு

இரண்டு வருடங்களுக்கு மேல் நான் ஒரு பூதத்தின் கைகளை வரைந்து பிழைத்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வங்கியில் ஒரு அம்மா, "இன்னா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். கார்ட்டூன் படத்தில் கை அசைவதை வரைகிறேன் என்றேன். "கை மட்டுமா?" "கை மட்டும்தாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இல்லத்தரசி என்று தட்டிக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. வீட்டில் இருந்துதானே வரைகிறேன்.

படத்தை எடுத்தது சென்னையில் ஒரு கம்பெனி. முகம் ஒருவருக்கு, நடை ஒருவருக்கு, துணி காற்றில் ஆடுவது ஒருவருக்கு என்று வேலையைக் கூறு போட்டிருந்தார்கள். என் பங்குக்குக் கை வந்தது. செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் மேசைக்கு நேரே ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. காலையில் மேகம் பாதி மலையைத் துடைத்து எடுத்திருக்கும். நான் ஒரு விரலை வரைந்து நிமிர்வதற்குள் மலை திரும்ப வந்திருக்கும். கண் களைத்துப்போகும் மதியங்களில் அது மெல்ல மூச்சை இழுத்து விடுவதாகத் தோன்றும். இதை வெளியே சொன்னதில்லை. எங்கள் தெருவில் இப்படி ஏதாவது சொன்னால் உடனே நாலு பேர் ஞானி என்று நினைத்து எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

படத்தின் கதை இதுதான். ஒரு கோபுரத்தின் அடித்தட்டில், மேலே இருக்கும் தட்டுகளை எல்லாம் இரண்டு கைகளால் தாங்கிக்கொண்டு ஒரு பூதம் நிற்கிறது. குட்டைக் கால், பானை வயிறு, பிதுங்கிய கண். எத்தனையோ காலமாக நிற்கிறது. ஒருநாள் கீழே ஒரு மெஸ்ஸிலிருந்து தாளிக்கிற வாசனை வருகிறது. பூதம் கையை எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறது. கோபுரம் விழவில்லை. இத்தனை காலம் நான் எதைத் தாங்கிக்கொண்டிருந்தேன் என்று பூதம் அண்ணாந்து பார்க்கும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

மெஸ்ஸை நடத்துகிறவளுக்குச் சமையல் வராது. பூதத்துக்கு வரும். எப்படி வரும் என்று படம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரே சமைக்கிற வாசனையை அத்தனை வருடம் மோந்துகொண்டு நின்றால் வராதா என்ன. பூதம் சமைத்து வைத்துவிட்டு, ஆட்கள் வரும் நேரத்துக்குப் பரண்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். கீழே ஜனங்கள் விரலைச் சூப்பிக்கொண்டு சாப்பிடுவார்கள். சமைத்தது யார் என்று தெரிந்தால் சாப்பிடுவார்களா மாட்டார்களா, அவ்வளவுதான் படம்.

கல்லைச் சுமந்த கை கடுகைக் கிள்ளவேண்டும். இது சாதாரண வேலை இல்லை. விரல்கள் தடியாக இருக்கவேண்டும், செய்கிற காரியம் பூப்போல இருக்கவேண்டும். முதலில் கண்ணாடி முன்னால் நின்று என் கையையே பார்த்து வரைந்தேன். டைரக்டர் பார்த்துவிட்டு, "மேடம், பூதத்துக்கு சமைக்கவே தெரியாத மாதிரி இருக்குதே" என்றார். உண்மைதான். என் சமையலை என் கணவன் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவான். கைக்கு வேறு ஆள் பார்க்கவேண்டியதாயிற்று. வீட்டிலேயே இருந்தாள், அம்மா.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். தெருக்கோடியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு கஃபேயில் சமைக்கிறாள். பாஸ்தா வேகவைப்பாள், ரொட்டி சுடுவாள், பேன்கேக் ஊற்றுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் வெள்ளைக்காரன் ஊத்தப்பம். சாப்பிட்டவர்களில் சிலர் அடுப்படிக்கே வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அவள் கையில் கரண்டியோடு நெளிவாள். வீட்டுக்கு வந்து, "இன்னாடி இது, துன்றாங்க, உடனே வந்து கட்டிக்கிறாங்க" என்று சிரிப்பாள். ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அவளே சொன்னாள்.

"அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாதுல்ல. தெரிஞ்சவங்க துன்னணும்டி."

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். ஊர் என்று சொல்கிறேன். ஊர்த்தெருக்காரர்கள் அவர்கள் இருந்ததை ஊர் என்பார்கள், நாங்கள் இருந்ததைக் காலனி என்பார்கள். நடுவில் ஒரு வாய்க்காலும் கொஞ்சம் புளியமரங்களும்தான். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அம்மா சின்ன வயசிலிருந்து ஊர்க்காரர்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கியிருக்கிறாள். அவள் கைபட்ட மல்லாட்டையை மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் எடுத்துப்போவார்கள். அதையே அவள் வேகவைத்துக் கிண்ணத்தில் கொடுத்தால் தொடமாட்டார்கள். ஓட்டுக்குள் இருக்கிற வரைக்கும் கடலைக்குச் சாதி இல்லை, உரித்துச் சட்டியில் போட்டால் வந்துவிடும். சின்னப் பிள்ளையில் நான் இதை ஒரு மந்திரம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த நொடியில் அது மாறுகிறது என்று கண்டுபிடிக்க, கடலையை உரித்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கணவன் அந்த ஊர்த்தெருவில் பிறந்தவன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டோம். அவன் அப்பா இன்றுவரை பேசவில்லை. அவன் அம்மா, என் மாமியார், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்ற வருவார். வந்தால் எங்கள் வீட்டில்தான் இறங்குவார். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் மல்லுக்கட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு மாதமும் அந்த பஸ் ஏறுவார் என்பது எனக்குத் தெரியும். என் தலையைத் தடவுவார், என் கன்னத்தைக் கிள்ளுவார், வெயிலில் போகாதே கறுத்துப்போவாய் என்பார். ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டார்.

சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சண்டை போடலாம். அவர் சொல்லமாட்டார். பையில் வாழைப்பழம் இருக்கும். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் இருக்கும். வழியில் ஒரு இளநீர் குடித்திருப்பார். "பசியே இல்லமா, இப்பதான் எளநி குடிச்சேன்." தோலோடும் மூடியோடும் இருக்கிறதற்குக் குற்றமில்லை என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. அம்மா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எல்லோருக்குமாகச் சமைப்பாள். கறி மீன் சேர்க்காத நாள் என்பதால் பச்சை மல்லாட்டையும் கத்திரிக்காயும் போட்டுக் காரக்குழம்பு. மாமியார் உள்ளே வந்ததும் சமையலறை வாசலோடு ஒட்டி நின்று, "வாங்கம்மா, சாப்புடுங்கம்மா" என்பாள். சம்பந்தியைப் போய் அம்மா என்று கூப்பிடுகிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரியும். மாமியார், "ஆவட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். என் கணவன் உடனே செல்போனில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவான். கணக்கு வாத்தியார்தான், இந்தக் கணக்கு மட்டும் அவனுக்கு வராது.

"ஒரு வாய்டி. ஒரே ஒரு வாய் எங்கையால துன்னாப் போதும். வேற இன்னா கேக்கறேன் நான்?" என்று அம்மா ஒருநாள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அழவில்லை. அளவாகத்தான் நறுக்கினாள்.

பூதத்துக்காக அவள் கையை வீடியோ எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்க்கரை டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்தேன். அம்மா குளித்து, தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கை மட்டும்தாம்மா தெரியும்" என்றேன். "கைக்குப் பின்னாடி நான்தான நிக்கறேன்" என்றாள். அடுப்பைப் பற்றவைத்ததும் என்னை மறந்துவிட்டாள். புளி கரைத்த தண்ணீர் கொதித்துச் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிகிற நேரம். கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்து, இடது உள்ளங்கைக் குழியில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, உள்ளங்கையை நக்கிப் பார்த்தாள். கண் எங்கேயோ போய்விட்டது. அந்தக் கொஞ்ச நேரம் அவள் சமையலறையில் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வருமே, அப்படி ஒரு அமைதி முகத்தில். பிறகு திரும்பி வந்து, கையைக் கழுவி, இரண்டு கல் உப்பு போட்டாள்.

அந்தச் சொட்டை நான் வாரக்கணக்கில் வரைந்தேன். சொட்டு விழும்போது உள்ளங்கை தானாகக் கொஞ்சம் குழிகிறது, தெரியுமா? சூட்டுக்குப் பயந்து அல்ல, சொட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள. வரைய வரைய எனக்குக் கனவிலும் கைகள்தான் வந்தன. மலை முழுக்க உள்ளங்கைகள் மலர்ந்திருக்க, மழை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டாக விழுந்தது. விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே மழை.

அனுப்பி வைத்ததும் டைரக்டர் போன் செய்தார். சின்னப் பையன்தான், மரியாதை தெரிந்தவர்.

"ஷாட் சூப்பர் மேடம். ஆனா நம்ம ஸ்டோரிபோர்டு படத்துல கரண்டிய வாயில வெச்சி டேஸ்ட் பண்ற மாதிரிதான இருந்துச்சி?"

"அப்படி வெச்சா குழம்பு எச்சி ஆயிடும்ங்க."

"பூதம்தான மேடம்?"

"பூதமா இருந்தாலும் எச்சி எச்சிதாங்க."

"வெளிநாட்டுல பாக்கறவங்களுக்கு கையில ஊத்திக்கறது புரியாது. அதான் பாக்கறேன்."

"புரியலன்னா போவுதுங்க. கரண்டிய வாயில வெச்சிட்டு திரும்ப சட்டியில உட்டா, நம்ம ஜனம் ஒருத்தரும் அந்தக் குழம்ப தொடமாட்டாங்க. அப்பறம் சாப்புடுவாங்களா மாட்டாங்களான்னு படம் எதுக்குங்க? அங்கியே முடிஞ்சி போச்சி."

"எங்கம்மாவ கேட்டுட்டு சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டார். மறுநாள் ஒரே வரியில் செய்தி வந்தது. அவர் அம்மா என் பக்கமாம்.

சண்டையில் ஜெயித்த சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. கரண்டியை உதட்டருகே கொண்டுபோகாத கை அது. நக்கிய கையைக் கழுவாமல் உப்பு டப்பாவைத் தொடாத கை. இத்தனை சுத்தம் பார்த்துச் சமைக்கிற ஒருத்தியின் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் வாழைப்பழம் உரித்துத் தின்றுவிட்டுப் போகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூதத்தின் நகங்களைக் கூராக வரைந்துவிட்டேன். பிறகு அழித்தேன். அதன்மேல் என்ன தப்பு.

படத்தின் முடிவிலும் எங்களுக்குத் தகராறு. டைரக்டர் வைத்திருந்த முடிவில், பரண் உடைந்து பூதம் பந்தியின் நடுவில் விழும். எல்லோரும் ஒரு நிமிஷம் பயப்படுவார்கள். பிறகு ஒரு குழந்தை சிரிக்கும், உடனே எல்லோரும் எழுந்து ஆடுவார்கள். "இவ்ளோ சுலபமாங்க?" என்று கேட்டேன். "கொழந்தைங்க படம் மேடம்." "கொழந்தைங்களுக்கு பொய் சொல்லலாமா?" அவர் சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றார். எனக்கும் தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமி வந்தது. அன்றைக்குக் கஃபேயில் கூட்டம் ஜாஸ்தி, அம்மா காலையிலேயே குழம்பு வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். என் கணவன் பள்ளிக்கூடத்தில். மாமியார் மதியமே வந்துவிட்டார். கீழே ரோட்டில் ஜனங்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தாரில் உரசுகிற சத்தம் மாடிக்கு வரும்போது ஏதோ பெரிய மரம் இலை உதிர்க்கிற மாதிரி இருக்கும். மாமியார் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, என் முதுகுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இது, கோபுரத்து பூதமா?"

"ஆமா அத்தை. சமைக்கிற பூதம்."

"அது எங்கயாச்சும் சமைக்குமா?" என்றார். ஆனால் நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டார். நான் படத்தை முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன். பாதிக்கு நிறம் இல்லை, சில இடத்தில் முகம் இல்லை, கை மட்டும் காற்றில் அசையும். அவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கோபுரத்திலிருந்து பூதம் இறங்கும்போது "பாத்து, பாத்து" என்றார். அது உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கியபோது என் தோளைத் தட்டினார்.

"பாரேன், எச்சி பண்ணாம பாக்குது. நல்லா வளத்திருக்காங்க."

நான் படத்தை அங்கேயே நிறுத்தினேன். "இது சமைச்சதுன்னு தெரிஞ்சா சாப்புடுவாங்களா அத்தை?" என்று கேட்டேன். படத்துக்காகக் கேட்ட மாதிரிதான் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு பேரு எதிர சாப்புட மாட்டாங்க" என்றார்.

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. வாசன சும்மா உடுமா? யாரும் இல்லாதப்ப..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "எனக்கு இன்னாமா தெரியும் அதெல்லாம். நீ வேலையப் பாரு" என்று பாய்க்குத் திரும்பிவிட்டார்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஏதோ பெரிய கோப்பைச் சேமிக்கப் போய்த் திரை கருத்துப்போய் நின்றது. கருத்த திரையில் எனக்குப் பின்னாலிருந்த சமையலறை தெரிந்தது. மாமியார் அடுப்பருகே நின்றார். குழம்புச் சட்டியின் மூடியைச் சத்தம் வராமல் எடுத்தார். கரண்டி நுனியால் கொஞ்சம் எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்தார். நான் வாரக்கணக்கில் வரைந்த அதே கை, அதே குழி. அப்படியே நின்றார். பிறகு ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றபடி சாப்பிட்டார். இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார்.

நான் அசையவில்லை. திரும்பினால் அந்தக் காட்சி கலைந்துவிடும் போல இருந்தது. பரண்மேல் படுத்திருக்கும் பூதத்துக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கிண்ணத்தைக் கழுவி இருந்த இடத்தில் கவிழ்த்தார். சோற்றைக் கரண்டியின் பின்பக்கத்தால் சமன் செய்து, குழம்பையும் மூடினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்குத் தெரியும்படி ஒரு வாழைப்பழத்தை உரித்தார். சாயங்காலம் மகன் வந்ததும் மலை சுற்றக் கிளம்பிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடே உட்கார்ந்து முடிவை எழுதி அனுப்பினேன். பூதம் பந்தியில் விழும், எல்லோரும் ஓடுவார்கள், மெஸ் காலியாகக் கிடக்கும். பிறகு பின்கதவு மெல்லத் திறக்கும். ஒருவர் வந்து, யாரும் இல்லை என்று பார்த்து, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார். அவர் போனதும் இன்னொருவர். பொழுது சாய்வதற்குள் சட்டி காலி. டைரக்டர் போனிலேயே கை தட்டினார். "இத எங்க புடிச்சீங்க மேடம்?" நான் சொல்லவில்லை.

அம்மாவிடம் மறுநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். மூடி எடுத்தது, சொட்டு விட்டது, வாழைப்பழம் உரித்தது என்று நடித்தே காட்டினேன். மலைமேல் ஒரே ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அம்மா துணியை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்ளோ துன்னாங்க?"

"ரெண்டு தடவ ஊத்திக்கினாங்கம்மா."

"கத்திரிக்கா எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"மூஞ்சி எப்டி இருந்துச்சி?"

"செவுத்துப் பக்கம் திரும்பி நின்னாங்க. தெரியலம்மா."

அம்மா துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு போர்வையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"பூனகூடத்தான் யாரும் இல்லாதப்ப வந்து துன்னுட்டுப் போவுது. அதுக்கு நான் கும்பிடு போடணுமா?"

"நீதானம்மா ஒரு வாய்னு கேட்ட?"

"நான் பாக்கலியேடி!" என்றாள். "சமைக்கிறவளுக்கு வேற இன்னா இருக்குது? துன்றவங்க மூஞ்சிதான். நீ ராப்பகலா கண்ணு அவிஞ்சி வரையற பொம்மைய எவனாச்சும் திருட்டுத்தனமா பாத்துட்டு, பாக்கவே இல்லன்னு வாயத் தொடச்சிக்கினு போனா, ஒனக்கு எப்டி இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அதுவாவது நடந்ததே, அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி என்றேன். அவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உர்ரென்று இருப்பதில் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை.

ஆனால் அவள் சொன்னது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பூதத்தின் கையை வரையும்போதெல்லாம் அதன் முகத்தையும் நினைக்க ஆரம்பித்தேன். என் வேலை இல்லை அது. இருந்தாலும் பரணின் இடுக்கு வழியாக அது யாரையாவது ஒரு தடவை பார்த்திருக்குமா என்று தேடினேன். படம் முழுக்க அதற்குச் சத்தம்தான் கேட்கிறது. உறிஞ்சுகிற சத்தம், தட்டை வழிக்கிற சத்தம், ஏப்பம். முகம் ஒன்றுகூட இல்லை. அதற்குள் என் முடிவுக்கு நிறம் பூசி முடித்துவிட்டார்கள். படத்தில் இப்போது இருப்பது அந்த முடிவுதான். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. நான் மட்டும் காலியான சட்டியை அந்தப் பூதம் தூக்கிப் பார்க்கிற இடம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதற்கடுத்த பௌர்ணமிக்கு அம்மா கஃபேயில் லீவு சொன்னாள். பௌர்ணமிக்கு அவள் லீவு போட்டதே இல்லை. என்னிடம் காரணம் சொல்லவில்லை. விடிந்ததும் கூடத்தைக் கழுவிவிட்டாள். குழம்பு வைத்தாள். மார்க்கெட்டுக்குப் போய் ஒரு தலைவாழை இலை வாங்கி வந்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

மாமியாரை பஸ் ஸ்டாண்டிலிருந்து என் கணவன் பைக்கில் கூட்டி வந்தான். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தபோது கூடத்தின் நட்டநடுவில் இலை விரித்திருந்தது. பக்கத்தில் சொம்பில் தண்ணீர். வாசல் கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன. மாடிப்படியில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் பார்க்கலாம். அம்மா சமையலறை வாசலில் இல்லை. இலைக்கு அந்தப் பக்கம், கரண்டியோடு நின்றாள்.

"வாங்கண்ணி. உக்காருங்க."

அண்ணி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. மாமியார் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார். என் கணவன் வழக்கம்போல் நடுவில் விழுந்தான். "அம்மாவுக்கு இப்ப பசி இருக்காது அத்தை, வழியில..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாப்ள" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. பிறகு மாமியாரைப் பார்த்து, "போன தடவ கொழம்பு எப்டி இருந்துச்சிண்ணி?" என்று கேட்டாள்.

என் கணவன் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தான். மாமியாரின் முகம் வெளுத்துப்போனது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு என் மேசையையும் அதன்மேல் அணைந்து கிடந்த கருப்புத் திரையையும் பார்த்தார். தெரிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துவிடலாம் போல இருந்தது. கீழே ரோட்டில் ஜனங்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். அவர் அப்படியே இறங்கி அந்தக் கூட்டத்தோடு போயிருக்கலாம். போனால் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டார். மாதத்துக்கு ஒருநாள் கிடைத்த அம்மாவும் என் கணவனுக்குக் கிடைக்கமாட்டார். இத்தனையும் தெரிந்துதான் என் அம்மா அங்கே நின்றாள்.

மாமியார் பையை இறக்கிச் சுவரோரம் வைத்தார். முட்டியில் கை ஊன்றி, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். தண்ணீரை எடுத்து இலையில் தெளித்துத் துடைத்தார். அம்மா சோறு வைத்தாள். நடுவில் குழி செய்து குழம்பு ஊற்றினாள். மாமியார் பிசைந்தார். வருடக்கணக்காகக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பவள் நான், அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. படியில் யாரோ ஏறிப்போகிற சத்தம் கேட்டது. அவர் முதல் வாயை எடுத்து வைத்தார். தலையை இலைக்குள் புதைத்துக்கொள்கிற மாதிரி குனிந்து, இரண்டாவது வாய், மூன்றாவது வாய்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

மாமியார் குனிந்தபடியே, "நீயும் ஒரு எலை போட்டுக்கயேன். எதிர உக்காந்து பாத்துக்கினே இருக்க" என்றார்.

"நான் அப்பறம் சாப்புடறேண்ணி" என்றாள் அம்மா. "தலைய மட்டும் கொஞ்சம் நிமித்துங்க. நான் பாக்கணும்."

மாமியார் நிமிர்ந்தார்.